புரட்டாசியிற் கண்ட போட்சுவோலித் துறை
(தொண்டூரிற் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற புரட்டாசியில் இத்தாலி தேயஞ் செல்லும் வாய்ப்பு அடியேனுக்குக் கிடைத்தது. நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே கடலோரத்திலுள்ள போட்சுவோலி என்னும் துறைமுகப் பட்டணத்தில் யான் கண்டவற்றைக் கூறுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். பயண வைபவங்களை விரிக்காது, நம் சங்கத்திற்குப் பயன்படும் ஒன்றை மட்டும் விண்ணப்பஞ் செய்து கொள்ளுகிறேன்.

அங்கே அப்போது வெயிலின் கடுமை தணிந்திருந்தது. கொடிமுந்திரிப் பழம் பறிக்குங் காலம். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் புத்தெயோலி என வழங்கிய இத்துறை, உரோமாபுரிக்குக் கீழ்நாட்டுச் சரக்குகள் வந்திறங்கிய பெருந்துறையாகும். நம் நாட்டு மிளகு செங்கடல் கடந்து, நைல் நதிவழியே அலெக்ஸாந்திரியா சேர்ந்து, இங்கு வந்தது. இத்தாலியில் வனைந்த செந்நிற மட்கலங்களோ, புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு அகழ்ந்தபோது கிடைத்தன.

பட்டணத்திலே பழைய அங்காடியொன்றின் மூன்று சலவைக்கல் தூண்கள் நிற்கின்றன. ஆளுயரத்திற்கும் மேலே அவற்றிற் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள் உள. நிலம் தாழ்ந்து கடலுட் சென்று, பின்னர் எழுந்ததற்கு இவையே சாட்சி. 1982 முதல் 1984 வரை மாத்திரம் அந்நிலம் ஏறக்குறைய ஆறடி உயர்ந்தது. செல்வர்தம் மாளிகைகளும் பண்டசாலைகளும் இன்று நீருக்குள்ளே கிடக்கின்றன.

நிற்க. அத்துறையில் வாழ்ந்த வணிகக் குடிகளுள் அன்னியர் குடி ஒன்று. அக்குடியினர் எனக் கருதப்படும் பிளோக்காமஸ் என்பாரின் ஏவலன் லைசாஸ். கி.பி. 6-ஆம் ஆண்டில் எகிப்துப் பாலைவனத்து வணிகப் பாதையிலே, ஒரு கற்குகையில், தான் வந்த செய்தியை இலத்தீனிலும் கிரேக்கத்திலும் அவன் பொறித்துச் சென்றான். அது இன்றும் படிக்கப்படுகிறது. மாளிகை மூழ்கிற்று, ஊழியன் பெயர் நின்றது! செங்கடற்கரைக் குஸெயிர்த் துறையிலும் கண்ணன், சாத்தன் என்னும் நம்மவர் பெயர்கள் பானையோடுகளிற் கிடைத்துள்ளன. இத்தொண்டூர்க் குகையிலோ, கற்படுக்கை செய்வித்தவன் பெயரோடு, செய்த மோசியின் பெயரும் பழந்தமிழ் எழுத்திற் காணப்படுகின்றது.

மகாஜனங்களே! நம் வமிசாவளிகளை எடுத்துப் பாருங்கள். மணியம் பார்த்தவர், திருப்பணி செய்தவர் பெயர்களெல்லாம் உள. கூலியாகக் கப்பலேறியவர் பெயர் உண்டா? 1860-ஆம் ஆண்டு ட்ரூரோ என்னுங் கப்பல் சென்னையினின்று நேட்டாலுக்குப் புறப்பட்டது முதல், 1911 வரை, தென்னார்க்காட்டுக் கிராமங்களிலிருந்து எத்தனையோ பேர் சென்றனர். என் கொள்ளுப்பாட்டனாரின் தமையனாரும் அவருள் ஒருவர். எங்கள் இல்லத்தில் அவர் பெயரை எவரும் உச்சரித்ததில்லை. குலத்திற்கு இழுக்கென்று எண்ணினர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். லைசாஸின் வரலாற்றை அத்துறையிற் கேட்டறிந்த அன்றுதான் நாணமுற்றேன். அந்நிய அதிகாரிகள் அவர்தம் பெயர், ஊர், வயது முதலியவற்றைக் கப்பற் பதிவேட்டில் எழுதி வைத்தனர். நாமோ அழித்தோம்.

ஆகலின் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பத்தாரும் கடல் கடந்து சென்ற தம் முன்னோர் பெயரை முதியோரிடம் கேட்டெழுதி அனுப்புக. அவற்றை நம் மாத இதழில் வெளியிடச் சங்கம் தீர்மானிக்க வேண்டும். முதற்பெயராக எங்கள் பெரிய பாட்டனார் பெயரை இன்றே காரியதரிசியவர்களிடம் எழுதிக் கொடுத்துள்ளேன். முதியோர் இருக்கும்போதே இது நடைபெறல் வேண்டும்.