விக்கலும் நினைப்பும்

(ராதாபுரம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்ப்பது நம் வீட்டு வழக்கம். எந்தப் பேரோடு நிற்கிறதோ அவர்தான் நினைத்தவராம்! தானே நிற்கப்போகிற விக்கலுக்குக் கடைசியில் சொன்ன பேருக்குப் பெருமை.

வார்த்தையைப் பாருங்கள். தமிழில் விக்கல், மலையாளத்தில் இக்கிள், இங்கிலீஷில் ஹிக்கப். எல்லாம் தொண்டைச் சத்தத்தை ஒட்டிய பேர்களே. நினைப்பு எங்கே வந்தது? வள்ளுவர் "விக்குள்" என்பதைச் சாவுக்கு முன் வருவதாக நிலையாமையில் வைத்தார். காதலர் நினைப்புக்கு அவர் காட்டியது தும்மலை. அந்தத் தும்மலோ இன்று அபசகுனமாகிவிட்டது!

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை திடீரென்று சுருங்குகிறது; காற்று உள்ளே பாய்கிறது; குரல்வளை மூடிக்கொள்கிறது. இதுவே விக்கல். கருவிலுள்ள குழந்தைக்கும் இது உண்டு. நினைப்பினால் வருவதென்றால், தாய் ஓயாமல் நினைக்கிறாளே, அது ஓயாமலல்லவா விக்கவேண்டும்? அமெரிக்காவில் சார்லஸ் ஆஸ்பார்ன் என்பவர் 1922 முதல் 1990 வரை 68 வருஷம் விக்கினார். அத்தனை வருஷம் அவரை நினைத்த புண்ணியவான் யார்?

சிரித்துவிட்டுப் போகும் விஷயமல்ல இது. 48 மணி நேரத்துக்கு மேல் நிற்காத விக்கல் சிறுநீரகம், மூளை, வயிறு முதலியவற்றின் கோளாறுக்குக் குறியாயிருக்கலாம். பாட்டி விக்கிக்கொண்டு கிடக்கையில் வெளியூர் மகன் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பது பாசமல்ல, வைத்தியத்தைத் தடுப்பது. மகன் மெய்யாகவே நினைத்தால் புறப்பட்டு வரட்டும். நீங்கள் அதற்குள் ஆஸ்பத்திரிக்கு வண்டி வையுங்கள்.