ஃபத்வா வழங்கத் தகுதி படைத்தவர் யார்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவனவாக!



ஒரு மார்க்கச் சட்டத்தைத் தவறாகச் சொல்வதால் ஓர் உயிரே போய்விடக்கூடும் என்றால் அது மிகையாகத் தோன்றலாம். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே அது நிகழ்ந்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பயணத்தில் இருந்த ஒருவருக்குக் கல்லடி பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளத் தமக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறினர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் அண்ணலார் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அம்மனிதரைக் கொன்றவர்கள் என்றே அவர்களைக் குறிப்பிட்டார்கள். அறியாமை என்னும் நோய்க்குக் கேட்டறிவதே மருந்து என்றும் உணர்த்தினார்கள்.

விடை சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். தண்ணீர் இல்லாதபோது தயம்மும் என்னும் சட்டம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தயம்மும் பற்றிய அதே இறைவசனத்தில் (5:6) நோயாளியும் குறிப்பிடப்பட்டிருப்பதை அவர்கள் கருத்திற்கொள்ளவில்லை. சட்டத்தின் ஒரு பாதியை மட்டும் அறிந்து தீர்ப்புச் சொன்னதே விபரீதமாயிற்று.

வணக்கசாலியும் அறிஞரும்

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற மற்றொரு வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். 99 கொலைகள் செய்த ஒருவர், தமக்குப் பாவமன்னிப்பு உண்டா என்று ஒரு துறவியிடம் கேட்டார். இல்லை என்ற விடை கிடைத்ததும் அவரையும் கொன்று நூறாக்கினார். பின்னர் ஓர் அறிஞரிடம் கேட்டார். அவரோ மன்னிப்பின் வாசல் அடைபடவில்லை என்று கூறி, தீய ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குச் செல்லுமாறு வழிகாட்டினார். துறவியின் வணக்கத்தில் குறையில்லை. அவரிடம் இல்லாதது கல்வி. ஒருவரின் தக்வாவைப் பார்த்து அவருக்குப் பின்னால் நின்று தொழலாம். ஆனால் அதை மட்டும் வைத்து அவரிடம் ஃபத்வா கேட்பது முறையன்று.

முன்னோர் கொண்ட அச்சம்

பேத்தியின் அல்லது பேரனின் சொத்தில் பாட்டிக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வந்தது. தமக்கு அதுபற்றித் தெரியவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, மற்றத் தோழர்களிடம் விசாரித்தார்கள். நபியவர்கள் ஆறில் ஒரு பங்கு வழங்கியதைத் தாம் கண்டதாக முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் கூறினார்கள். அப்போதும் நிற்காமல் வேறு சாட்சி உண்டா என்று கேட்டார்கள். முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்கள் உறுதி செய்த பின்னரே தீர்ப்பு வழங்கினார்கள். உம்மத்தின் தலைவரே தெரியாது என்று சொல்லத் தயங்கவில்லை.

அன்ஸாரித் தோழர்கள் 120 பேரைச் சந்தித்த அப்துர் ரஹ்மான் இப்னு அபீ லைலா (ரஹ்) அவர்கள், அவர்களுள் ஒவ்வொருவரும் கேள்விக்கான விடையை மற்றொருவர் சொல்லட்டும் என்றே விரும்பியதாகக் கூறியுள்ளார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது, 32 கேள்விகளுக்குத் தமக்குத் தெரியாது என்று விடையளித்ததாக வரலாறு உண்டு. எழுபது அறிஞர்கள் தம் தகுதிக்குச் சான்று கூறிய பிறகே ஃபத்வா வழங்கத் தொடங்கியதாகவும் அவர்கள் கூறியுள்ளார்கள்.

தகுதிகள் எவை?

இப்னுஸ் ஸலாஹ் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 643), இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 676) ஆகியோர் முஃப்தியின் ஒழுங்குகளை விரிவாக எழுதியுள்ளனர். முஃப்தி பருவம் எய்திய முஸ்லிமாகவும், நம்பிக்கைக்குரியவராகவும், பாவச் செயல்களிலிருந்து விலகியவராகவும், தெளிந்த சிந்தனை உடையவராகவும் இருத்தல் வேண்டும். ஆண் பெண் வேறுபாடு இதில் இல்லை. கண்பார்வை இல்லாதவரும் முஃப்தியாகலாம். ஃபத்வா வழங்கிய நபித்தோழர்கள் 130-க்கும் மேற்பட்டோர் என்று இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் கணக்கிட்டுள்ளார்கள். மிக அதிகமாக வழங்கிய எழுவருள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஒருவர்.

கல்வியைப் பொறுத்தவரை, சுயமாக ஆய்ந்து சட்டம் எடுப்பவருக்குக் குர்ஆனின் சட்ட வசனங்கள், நபிமொழிகளின் தரம், மாற்றப்பட்டவை எவை மாற்றியவை எவை என்னும் அறிவு, இஜ்மா, கியாஸ், உஸூலுல் ஃபிக்ஹ், அரபுமொழி ஆகியவற்றில் ஆழ்ந்த தேர்ச்சி வேண்டும். சட்ட வசனங்கள் சுமார் 500 என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கணக்கு.

மொழிபெயர்ப்பு மட்டும் ஏன் போதாது? தலாக் விடப்பட்ட பெண்ணின் இத்தா பற்றிய வசனத்தில் (2:228) வரும் ‘குர்உ’ என்னும் சொல்லுக்கு மாதவிலக்கு என்றும் பொருளுண்டு. தூய்மைக் காலம் என்றும் பொருளுண்டு. ஹனஃபிகள் முதற்பொருளையும் ஷாஃபிஈகள் இரண்டாம் பொருளையும் கொண்டனர். இதனால் இத்தா முடியும் நாளே மாறுபடுகிறது. ஒரு பெண்ணின் மறுமணம் செல்லுமா செல்லாதா என்பது இந்த ஒரு சொல்லில் தங்கியுள்ளது. தமிழாக்கத்தில் ஏதேனும் ஒரு பொருளை மட்டும் படித்தவர் இதை எவ்வாறு அறிவார்?

நூலறிவுடன் உலக அறிவும் தேவை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் முஃப்திக்குக் கூறிய ஐந்து பண்புகளுள் தூய எண்ணம், பொறுமையும் கண்ணியமும், உறுதியான கல்வி, பிறர் கையை எதிர்பாராத வாழ்வாதாரம் ஆகியவற்றோடு, மக்களை அறிதலும் ஒன்று. வேற்றூரிலிருந்து வந்து கேட்பவருக்கு அவருடைய ஊர் வழக்கத்தை விசாரிக்காமல் விடை சொல்லலாகாது என்று இமாம் கராஃபி (ரஹ்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நம் நாட்டில் ஒரே அமர்வில் சொல்லப்படும் முத்தலாக் 2017-இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2019-இல் தண்டனைக்குரிய குற்றமாகச் சட்டம் இயற்றப்பட்டது. இதனை அறியாதவர் தலாக் விஷயத்தில் ஆலோசனை கூறினால் இரு குடும்பங்களை இன்னலில் தள்ளிவிடுவார்.

முஃப்திகள் அனைவரும் ஒரே படித்தரத்தினர் அல்லர். மத்ஹபின் இமாம்களைப் போன்று சுயமாக ஆய்ந்தவர்கள் மிகச் சிலரே. ஏனையோர் தம் மத்ஹபின் ஏற்கத்தக்க தீர்ப்பு எது, பலவீனமான கூற்று எது என்று பிரித்தறிந்து எடுத்துரைப்பவர்கள். பாகப்பிரிவினையில் மட்டும் தேர்ந்த ஒருவர் அத்துறையில் மட்டும் ஃபத்வா வழங்கலாம் என்பதும் அறிஞர்கள் பலரின் கருத்தாகும்.

ஃபத்வாவும் தீர்ப்பும்

காழியின் தீர்ப்பு வழக்காளிகளைக் கட்டுப்படுத்தும். ஃபத்வாவோ கேட்டவருக்கு மார்க்கச் சட்டத்தை அறிவிக்கும் விளக்கமாகும். ஃபத்வாக்களுக்குச் சட்ட வலிமை இல்லை என்றும், எவர் மீதும் அவற்றைத் திணிக்கலாகாது என்றும், தனிமனிதரின் உரிமை சார்ந்த விஷயத்தில் தொடர்பில்லாத ஒருவர் கேட்டதற்காக ஃபத்வா வழங்கலாகாது என்றும் 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த வீட்டாரின் குடும்பப் பிரச்சினைக்கு அவர்கள் அறியாமல் ஃபத்வா வாங்கிவந்து தெருவில் படித்துக் காட்டுவது மார்க்க ஒழுங்குக்கும் பொருந்தாது. நாட்டுச் சட்டத்திற்கும் பொருந்தாது.

2005 ஜூலையில் அம்மானில் கூடிய பல நாட்டு அறிஞர்கள், உரிய தகுதியின்றி எவரும் ஃபத்வா வழங்கலாகாது என்று ஒருமனதாக அறிவித்தனர். சகோதர முஸ்லிம்களைக் காஃபிர் என்று கூறிக் கொல்வதற்குத் தகுதியற்றோர் ஃபத்வா வழங்கிய அவலமே அதற்குக் காரணம்.

நாம் செய்ய வேண்டியவை

அன்பிற்குரியோரே! தலாக், குலா, பாகப்பிரிவினை, வட்டி, வக்ஃபு போன்ற கேள்விகள் நம் ஜமாஅத்திற்கும் வருகின்றன. நிர்வாகிகளாகிய நாம் வழி காட்டுபவர்களே அன்றி முஃப்திகள் அல்லர். கேள்வியை எழுத்தில் பெற்று, இரு தரப்பு உண்மைகளையும் மறைக்காமல் சேர்த்து, முறையாக இஃப்தா பயின்ற ஆலிம்கள் உள்ள மத்ரஸாவுக்கு அனுப்புவோம். நமக்குச் சாதகமான விடை கிடைக்கும் வரை ஒவ்வொருவராகத் தேடி அலைவதைத் தவிர்ப்போம். கைப்பேசியில் வரும் இரண்டு நிமிடக் காணொளியை நம்பி ஒரு பெண்ணின் வாழ்வையோ அனாதையின் பங்கையோ முடிவு செய்யாதிருப்போம். நம்மிடம் எவரேனும் கேட்டுத் தெரியாத நிலை ஏற்பட்டால், தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதிருப்போம். ஆர்வமுள்ள நம் பிள்ளைகளுள் ஆணும் பெண்ணும் ஆலிம், ஆலிமா ஆவதற்கும், அதற்குமேல் இஃப்தா பயில்வதற்கும் ஜமாஅத் கைகொடுக்க வேண்டும்.

ஹலாலையும் ஹராமையும் தம் நாவினால் பொய்யாகக் கற்பிப்போர் வெற்றி பெறார் என்பது திருக்குர்ஆனின் எச்சரிக்கை (16:116). அவ்வெச்சரிக்கைக்கு உள்ளாகாமல் நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! அறிந்தோரிடம் கேட்டறியும் பணிவையும், கேட்டபடி நடக்கும் நற்பேற்றையும் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.