கழித்த பலகையில் கோழிக்கூடு

(சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தோம். நிறை குறைந்த பிள்ளைகளின் தாய்மாரிடம், "பிள்ளைக்கு முட்டை குடுங்க" என்று குடும்பநல மாது சொன்னார். அப்போது பின்னால் இருந்த ஓர் அக்கா, "முட்டைக்கு எங்கே போறது ஐயா? வளர்த்த கோழியையெல்லாம் மரநாய் தூக்கிட்டுப் போயிருச்சே" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதார மதிப்பாய்வில், தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். முழு நாட்டுக்கும் அந்தக் கணக்கு 100க்கு 17 தான். 2022 நெருக்கடியில் ஒரு முட்டை ஐம்பது ரூபாவைத் தாண்டியபோது நாம் பட்ட பாட்டையும் மறக்கவில்லை. ஆகவே வீட்டுப் பக்கத்தில் நாலைந்து கோழி இருப்பது சின்ன விசயமில்லை.

கோழி வளர்க்க நமக்குத் தெரியும். குறை இருப்பது ராத்திரியில்தான். கூடு இல்லாததால் சிலர் கோழியை இஸ்தோப்பில் கூடையால் கவிழ்க்கிறோம். சிலர் அடுப்படியிலேயே அடைக்கிறோம். பிள்ளை படுக்கும் காம்பராவில் கோழி எச்சமும் பேனும் சேருவது நல்லதல்ல.

கூட்டுக்குப் பலகை வாங்கக் காசு எங்கே என்று கேட்பீர்கள். ஸ்டோரில் தேயிலைச் சாக்கு அடுக்குகிற பலகைத் தட்டு இருக்கிறதே, பெலட் என்று சொல்வோமே, அது உடைந்தால் ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிப் பலகையை நம் பெரியவர்கள் வீணாக்கவில்லை. இதையும் நாம் வீணாக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று. கேட்காமல் ஒரு துண்டுப் பலகையும் எடுக்காதீர்கள். கழித்துப் போட்டதுதானே என்று தூக்கி வந்தால், நாளைக்கு அது களவு என்று விசாரணைக்கு வரும். கோழிக்கூட்டுக்காக வேலையை இழக்கலாமா? டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு, எத்தனை பெலட் என்று எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு எடுங்கள். கூடு வைக்கிற இடத்துக்கும் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். துண்டு எழுத உதவி வேண்டுமானால் என்னிடம் வாருங்கள்.

அடுத்து, பெலட்டைப் பார்த்து எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பெலட்டில் சூட்டுக்குறி போல முத்திரை இருக்கும். அதில் 'எச்டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சூடாக்கிப் பதப்படுத்திய பலகை, எடுக்கலாம். 'எம்பி' என்றிருந்தால் நச்சுப் புகை போட்டது, வேண்டாம். முத்திரை இல்லாவிட்டால் கறையையும் வாசத்தையும் பாருங்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்தோ எண்ணெயோ சிந்திய பலகை கூட்டுக்கும் ஆகாது, விறகுக்கும் ஆகாது.

நல்ல பெலட் ஆறு இருந்தால் ஆறு கோழிக்குக் கூடு அடிக்கலாம். பெலட் ஒன்று சாதாரணமாக நாலு அடி நீளம், மூன்றே கால் அடி அகலம் இருக்கும். ஒன்றை முழுசாகத் தளத்துக்கு வையுங்கள். மற்ற ஐந்தையும் அலவாங்கால் நெம்பிப் பிரியுங்கள். அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும். கழற்றிய ஆணியை உடனுக்குடன் ஒரு பால்மா டின்னில் போடுங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம். துருப்பிடித்த ஆணி குத்தினால் டிஸ்பென்சரிக்குப் போய் ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள்.

நாலு மூலைக்கும் கிராண்டிஸ் கால் நடுங்கள். முன்கால் ஏழரை அடி, பின்கால் ஆறே முக்கால் அடி. ஒன்றரை அடி மண்ணுக்குள் போகட்டும்.  தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் தளத்தை அடியுங்கள். தளத்து இடைவெளிகளைப் பலகையால் மூடுங்கள். பின்புறத்துக்கும் இரண்டு பக்கத்துக்கும் பலகை. முன்புறம் கீழ்ப்பாதி பலகை, மேல்பாதி கம்பிவலை, அதிலேயே கதவு. கூரைக்குத் தகரம். முன்கால் உயரமாக இருப்பதால் மழைத்தண்ணீர் பின்னால் ஓடிவிடும். நம் மலையில் கோழியைக் கொல்வது குளிரை விட ஈரம்தான். அதனால் தகரம் நாலு பக்கமும் அரை அடி வெளியே நீட்டி நிற்கட்டும்.

உள்ளே பின்பக்கமாக ஒரு கம்பு கட்டுங்கள். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்றால் நாலு அடியில் ஆறு கோழி உட்காரும். முட்டையிட ஓர் அடிச் சதுரத்தில் இரண்டு பெட்டி போதும். தளத்தில் மரத்தூள் பரப்பி வாரம் ஒரு முறை வாரி எடுங்கள். அந்த எருவை இரண்டு மூன்று மாதம் மக்கவைத்து மரக்கறிப் பாத்திக்குப் போடலாம்.

கம்பிவலை விசயத்தில் நானே ஏமாந்தவன். முதல் தடவை கூடு அடித்தபோது, விலை குறைவு என்று பெரிய கண் வலையை வாங்கினேன். கதவுக்கு ஒரு கயிறுதான் கட்டினேன். மூன்றாம் நாள் காலையில் ஐந்து கோழி செத்துக் கிடந்தன. இரண்டுக்குத் தலையே இல்லை. வலைக் கண்ணுக்குள் கைவிட்டு இழுத்திருக்கிறது. என் மகள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் அழுதாள். ஆகவே அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த வலையாகவே வாங்குங்கள். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம். கதவுக்கு இரும்புக் கொண்டி போட்டு, பொழுது சாயும்போது ஒருவர் பொறுப்பாக அடைக்க வேண்டும்.

கூடு முடிந்ததும் அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகத்தில் ராணிக்கட் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். நாலைந்து வீடு சேர்ந்து போனால் வசதி.

கடைசியாகத் தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். முட்டை கிடைத்ததும் எல்லாவற்றையும் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் பிள்ளை உள்ளவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் முதலில் எடுத்து வையுங்கள். மிஞ்சியதை விற்கலாம். அன்றைக்குக் கேள்வி கேட்ட அக்கா வீட்டில்தான் முதல் கூடு அடிக்கப் போகிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியலும் வாளும் உள்ளவர்கள் வாருங்கள். பார்த்துப் பழகினால் அடுத்த கூட்டை நீங்களே அடிப்பீர்கள்.