கூலியைக் காப்பது எழுத்தே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, உப்புக் காற்றில் இரண்டு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் மரக்காணத்துப் பெருமக்களே, வீட்டில் டி.வி. முன்னால் சோற்றைப் பிசைந்தபடியே பார்க்கும் தாய்மார்களே!

சொந்தமாகத் தொழில் செய்கிறவரின் கூலியைக் காப்பது நல்ல உறவா, எழுத்தா? இதுதான் கேள்வி. எதிரணித் தங்கை வந்தாங்க. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொன்னாங்க. உறவு நல்லா இருந்தா கேட்காமலே வரும்னு முடிச்சாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். தமிழ் வாத்தியார் ஆச்சே, ஔவை பேரைக் கேட்டால் கை தானாகத் தட்டும்!

ஆனால் தங்கை ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டுட்டாங்க. புறநானூறு, 206ஆம் பாட்டு. அதே ஔவை, அதே அதியமான். பாடி முடித்தாயிற்று. பரிசில் வரவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறான். ஔவை என்ன செய்தார்? "உறவு இருக்கே, பரவாயில்லை" என்று திண்ணையில் உட்கார்ந்தாரா? இல்லை. வாயில் காவலனைக் கூப்பிட்டு, கலைக்கும் அறிவுக்கும் மதிப்புத் தருகிறவர்கள் உலகத்தில் தீர்ந்துபோகவில்லை, எங்கே போனாலும் எனக்குப் பிழைப்பு உண்டு என்ற பொருளில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினார். நெல்லிக்கனி கொடுத்த உறவிலேயே பாக்கி விழுந்திருக்கிறது, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

ஔவைக்கு அது முடிந்தது. அவரை வரவேற்க வேறு அரண்மனைகள் இருந்தன. நம்ம ஊர் வீடியோக்காரர், பந்தல்காரர், சமையல் காண்ட்ராக்டர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பட்டணத்துக் கம்பெனிக்கு வேலை செய்து கொடுக்கும் பெண்பிள்ளை, இவர்களுக்கு எத்தனை அரண்மனை இருக்கிறது? ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர்தான் இருப்பார். அவர் கையை விரித்தால் அந்த மாதம் பள்ளிக்கூட ஃபீஸ் நிற்கும்.

இன்னொன்று. இந்த மண்ணுக்கே சொந்தமானது. சிறுபாணாற்றுப்படை என்று ஒரு நூல். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பற்றியது. அதில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணந்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்வார்கள். ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், பசியோடு வருகிற பாணனிடம், "இன்ன வழியே போ, இன்னார் கொடுப்பார்" என்று சொல்லி அனுப்புவது. அதாவது யார் ஒழுங்காகக் கூலி கொடுக்கிற ஆள் என்று தொழில்காரன் தொழில்காரனுக்குச் சொல்வது! நாம் அதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோமே தவிர, அதன்படி நடக்கவில்லை. புது ஆள் வேலைக்குக் கூப்பிட்டால், போன வருஷம் அவரிடம் வேலை செய்த ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். "தங்கமான மனுஷன்" என்பார். அது வேண்டாம். "காசு என்றைக்கு வந்தது?" என்று கேளுங்கள்.

எங்கள் பிழைப்பும் இதே கதைதான். பேசி முடித்ததும் பொன்னாடை போர்த்துவார்கள். "கவர் அப்புறம் வரும் ஐயா" என்பார்கள். பொன்னாடை வந்துவிடும், கவர் வராது. வீட்டில் ஒரு பீரோ நிறையப் பொன்னாடை. என் மனைவி கேட்கிறாள், "இதை மளிகைக் கடையில் மாத்திக்குவாங்களா?" (சிரிப்பு) எந்த ஊர், எந்தக் குழு என்று சொல்ல மாட்டேன்.

ஏன் கேட்க முடிவதில்லை? முகதாட்சண்யம்! வேலையை வாங்கினவர் நிமிர்ந்து நடக்கிறார், செய்தவர் தலைகுனிந்து போகிறார். தங்கை சொன்னாங்க, எழுதிக் கேட்டால் உறவு கெட்டுப்போகும் என்று. நான் சொல்கிறேன், உறவு கெடுவது எழுதும்போது இல்லை, நாலாவது தடவை வாசலில் போய் நிற்கும்போதுதான். முதல் நாளே தாளில் இருந்தால் கேட்பது தாள்தான், உங்கள் முகம் இல்லை.

இதை உங்களுக்கு நான் சொல்லணுமா? உப்பளத்தில் முதலில் பாத்தி மிதித்து, வரப்பு போட்டு, அப்புறம்தானே தண்ணீர் விடுகிறீர்கள்? தண்ணீரை விட்டுவிட்டு வரப்புக்கு மண் தேடினால் உப்பா விளையும்? குவித்த உப்புக்கு ஓலை போட்டு மூடுவதும் மழைக்கு முன்னாலே, நனைந்த பிறகு இல்லை.

அந்தத் தாளில் என்ன இருக்கணும்? வேலை எதுவரைக்கும், கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதி. நடுவில் "அப்படியே இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை வரும் பாருங்க, அந்த "கொஞ்சத்துக்கு" என்ன காசு என்பதும் இருக்கணும். வக்கீல் வேண்டாம், பத்திரம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வைத்தாலும் வெறும் வாய்ப்பேச்சைவிட மேல்.

கையில் இருக்கிற பிடியை விடாதீர்கள் என்று சட்டமே சொல்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவு. ஒருவர் கொடுத்த பொருளில் நீங்கள் உங்கள் உழைப்பையும் திறமையையும் போட்டிருந்தால், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்திலேயே ரெண்டு உதாரணம் இருக்கு. பட்டை தீட்ட வைரம் வாங்கின நகைக்காரர் கூலி வரும்வரை கல்லை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டுத் தைக்கத் துணி வாங்கின தையல்காரர், "தைத்ததும் கொடுத்துடறேன், காசு மூணு மாசம் கழிச்சுக் கொடுங்க" என்று வாய்விட்டுவிட்டார். அவர் கோட்டைப் பிடித்துவைக்க முடியாது! தவணை சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பிடி போய்விட்டது. கம்ப்யூட்டர் வேலைக்கும் வழி இருக்கு. மாதிரியைக் காட்டுங்கள், அசல் ஃபைல் காசு வந்த பிறகு.

அப்படியும் கம்பெனிக்காரர் இழுத்தால்? 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலைக்கு மட்டும் இல்லை, சேவைத் தொழிலுக்கும் உண்டு. எழுத்தில் தேதி பேசியிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்டு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒன்றும் எழுதவில்லையா, 15 நாள். வேலையில் குறை என்றால் அதையும் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லணும், ஆறு மாசம் கழித்து "கலர் சரியில்லை" என்று சொன்னால் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி! மாநில அரசு இதற்கென்றே வைத்திருக்கிற மன்றத்தில் மனுப் போடலாம். தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போகணும் என்றால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போகணும். ஆனால் உத்யம் பதிவு உங்களிடம் இருக்கணும். அதை முதலிலேயே செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்து பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்தால், அது செல்லுமா செல்லாதா என்றே தனியாக வழக்காட வேண்டியிருக்கும்.

செக் திரும்பினால் நோட்டீஸ் அனுப்ப 30 நாள்தான். காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே நிமிடம் ஐயா. "பொங்கலுக்குத் தரேன், ஆடிக்குத் தரேன்" என்கிறவர்களை நம்பி உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு செய்தி. செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தருவது மூன்றே வருஷம். அந்த மூன்று வருஷம் முடிவதற்குள், "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று அவர் கையெழுத்தோடு ஒரு வரி வாங்கிவிட்டால், அன்றைக்கிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓட ஆரம்பிக்கும். கவனியுங்கள் நடுவர் அவர்களே, அவர் சிரித்துக்கொண்டே கொடுத்த காபிக்கு அந்தச் சக்தி கிடையாது, அந்த ஒரு வரிக்குத்தான் உண்டு. (கைதட்டல்)