ஒப்போலைப் பெட்டியும் உறுப்பினர் ஏடும்



மன்றம் அமைப்பது எளிது; அதனை ஒழுங்குற நடத்துவதே அரிது. படிப்பகமாயினும் நாடக மன்றமாயினும், பொறுப்பாளரைத் தேரும் நாளில்தான் அதன் உள்வலிமை வெளிப்படுகின்றது. அந்நாளில் எழும் பூசல் ஒப்போலை எண்ணும் இடத்தில் பிறப்பதன்று. உறுப்பினர் ஏட்டிலும் பொறுப்புக் காலத்திலும் பல திங்கள் முன்னரே பிறந்து வளர்ந்து, தேர்தல் நாளில் தெருவுக்கு வருகின்றது. இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டா. சென்னைத் தியாகராய நகர் அபிபுல்லா சாலையிலேயே இருக்கின்றது.

1952-இல் தோன்றிய தென்னிந்திய நடிகர் சங்கமே அச்சான்று. (தமிழர் காசில் வளர்ந்து, தமிழ்நாட்டுத் தலைநகரில் நிற்கும் மன்றத்திற்குத் ‘தென்னிந்திய’ என்னும் அடை எதற்கு என்பது தனி வினா. 2015-இல் ஒப்போலை அளித்துவிட்டு, ‘தமிழ்நாடு நடிகர் சங்கம்’ எனப் பெயர் மாற்றுவதையே முதற் பணியாகக் கொள்க என்று வேண்டியவர் நடிகர் இரசினிகாந்து. பெயர் மாறவில்லை.)

அவ்வாண்டு அக்டோபர் 18-இல் மயிலைப் பள்ளியொன்றில் தேர்தல் நடந்தது. ஓய்வுபெற்ற முறைமன்ற நடுவர் பத்மநாபன் நடத்திவைத்தார். நாசர் தலைவராகவும் விசால் பொதுச் செயலாளராகவும் கார்த்தி பொருளாளராகவும் வந்தனர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, செயற்குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேற்படலாகாது என்கின்றது. ஆகவே 2018 அக்டோபரில் அவர்தம் காலம் முடிந்திருத்தல் வேண்டும். ஆயினும் அவ்வாண்டு ஆகத்தில் கூடிய பொதுக்குழு, புதிய கட்டடப் பணியைக் காட்டித் தேர்தலை 6 திங்கள் தள்ளிவைத்தது. பொதுக்குழு கைதூக்கிவிட்டால் சட்டமும் கைதூக்கியதாகுமா? முடிச்சு விழுந்தது இங்கேதான். அன்று எவரும் பெரிதாகக் கவலவில்லை.

2019 சூன் 23-இல் தேர்தல் எனக் குறித்தனர். நாசர் அணியை எதிர்த்துச் சங்கரதாசர் பெயரில் மற்றோர் அணி நின்றது. பாக்கியராசு தலைமைக்கும் ஐசரி கணேசு பொதுச் செயலாளர் பொறுப்புக்கும் போட்டியிட்டனர். அப்போதுதான் இரண்டாம் முடிச்சு வெளிப்பட்டது. ஒப்போலை உரிமை பெற்றோர் பட்டியலினின்று 61 உறுப்பினர் நீக்கப்பட்டனர் என்னும் முறையீட்டின் பேரில், சூன் 19-ஆம் நாள் பதிவாளர் தேர்தலை நிறுத்திவைத்தார். தேர்தலுக்கு நான்கே நாள்! சென்னை உயர் முறைமன்றம் தலையிட்டு, தேர்தலை நடத்தலாம், ஒப்போலைகளை எண்ணலாகாது என ஆணையிட்டது. இடமும் அடையாற்றுக் கல்லூரியினின்று மயிலைப் பள்ளிக்கு மாறியது. மும்பையில் படப்பிடிப்பிலிருந்த இரசினிகாந்துக்கு அஞ்சல் ஒப்போலை முதல்நாள் மாலை 6.45 மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவரால் அதனைத் திருப்பி விடுக்க இயலவில்லை. புகழ்மிக்க ஒருவர்க்கே இந்நிலையென்றால், வெளியூரிலுள்ள எளிய நாடகக் கலைஞர் நிலையை எண்ணிப் பார்த்துக்கொள்க.

பெட்டிகள் முத்திரையிடப்பெற்று வங்கிக்குச் சென்றன. 2020 சனவரி 24-இல் ஒற்றை நடுவர், காலம் கடந்த செயற்குழு தேர்தலை அறிவிக்க உரிமையற்றது எனக் கூறி, நடந்த தேர்தலையே செல்லாதாக்கினார். 2022 பிப்பிரவரி 23-இல் இருவர் அமர்வு அத்தீர்ப்பை நீக்கி, எண்ணுக என்றது. மார்ச்சு 20-இல் எண்ணினர். நாசர் அணியே வென்றது. இடையில் ஓடியவை 2 ஆண்டும் 9 திங்களும். ஒரு செயற்குழு முழுமையும் ஆளத்தக்க காலத்தைப் பெட்டியே ஆண்டது என்க! மன்றம் அரசு அமர்த்திய தனி அலுவலர் கையில் இருந்தது. எந்தக் கட்டடத்தைக் காட்டித் தேர்தலைத் தள்ளினார்களோ அந்தக் கட்டடம் அரைகுறையாய் நின்றது.

இத்தகைய பூசலில் பதிவாளரை நாடுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி அவர் தாமாகவோ, செயற்குழுவில் பெரும்பாலோர் அல்லது உறுப்பினருள் மூன்றிலொரு பங்கினர் வேண்டியோ மன்ற நடப்பை ஆராயலாம். ஆனால் இரண்டு அணியும் ‘யாமே பொறுப்பாளர்’ என்று தனித்தனியே படிவம் 7-ஐக் கொண்டுவந்து நீட்டினால், எவர் வென்றார் என முடிந்த முடிபாகத் தீர்க்கும் அதிகாரம் அவருக்கில்லை. உரிமையியல் மன்றமே அதற்குரிய இடம். அங்கோ ஆண்டுகள் கரையும். ஆகலின் உறுப்பினர் ஏட்டை ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படித்து ஒப்புதல் பெறுவதும், கட்டணம் செலுத்த இறுதி நாளைத் தேர்தலுக்குப் பல திங்கள் முன்னரே குறிப்பதும், ஒருவர் பெயரை நீக்குமுன் அவர்க்கு எழுத்தில் அறிவித்து மறுமொழி கேட்பதும் போட்டியில்லாத நாளிலேயே செய்து முடிக்க வேண்டியவை. போட்டியாளர் பெயர் தெரிந்தபின் தொட்டால், நேர்மையான நீக்கமும் சூழ்ச்சியாகவே தோன்றும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டாத மேடையில்லை. அது பார்ப்பனர் ஊர். நிலமும் வேதப் படிப்பும் உடையவர்க்கே அங்கு ஓலையில் இடம். அதனை எல்லார்க்கும் பொதுவான குடியாட்சி என முழங்குதல் பிழை. எனினும் அதில் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பராந்தகன் காலத்தில் 919-இல் பொறித்த கல்வெட்டு அகவை வரம்பை 30 முதல் 60 என்கின்றது. 921-இல் பொறித்தது 35 முதல் 70 எனத் திருத்துகின்றது. முந்திய 3 ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர்க்கும், கணக்குக் காட்டாதவர்க்கும், அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை என்றும் பொறித்தனர். திருத்தினர்தாம், ஆனால் குடத்தில் ஓலை இடுமுன், ஊரார் காணக் கல்லில் திருத்தினர்.

அபிபுல்லா சாலைக் கதை 2022-உடன் முடிந்துவிடவில்லை. அவ்வாண்டு பொறுப்பேற்றோர்க்குக் காலம் 2025 வரை. 2024 செப்டம்பரில் கூடிய பொதுக்குழு, கட்டடம் முடியவில்லை என்று அதே காரணத்தைச் சொல்லி, அக்காலத்தை மேலும் 3 ஆண்டு நீட்டியது. அதுவும் முறைமன்றப் படி ஏறிற்று.