மூச்சை மீட்டுத் தருவது வீடே!



"வீட்டால என்னய்யா செய்ய முடியும்? உயிரைக் காப்பது மருத்துவமனைதான்!" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். முழங்குவதற்கு அவருக்கு மூச்சு இருக்கிறது. அந்த மூச்சை இழுத்துத் தருவது எது? நுரையீரல் இல்லை ஐயா, அது வெறும் பை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு தசை இருக்கிறது, உதரவிதானம். அது கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும். எழுத்து பிறக்கும் முறையைச் சொல்ல வந்த தொல்காப்பியர், காற்றை நெஞ்சிலிருந்து கிளப்பவில்லை, கொப்பூழிலிருந்து கிளப்புகிறார்! (கைதட்டல்)

அந்தத் தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு கழுத்தில் புறப்பட்டு, இதயத்தின் ஓரமாக இறங்குகிறது. கழுத்தில் பட்ட அடி, இதய அறுவை, சில நேரம் வைரஸ் - ஏதோ ஒன்றில் நரம்பு பழுதானால் தசை படுத்துவிடும்.

இந்த ஊரில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் திணறி ஓடினார்களே, மறக்க முடியுமா? அதனால் யாருக்கு மூச்சு வாங்கினாலும் "எல்லாம் இந்தப் புகைதான்" என்று விட்டுவிடுகிறோம். இது வேறு. நிற்கும்போது சமாளிப்பார், மல்லாந்து படுத்தால் திணறுவார். கழுத்தளவு தண்ணீரில் இறங்கினால் மூச்சு முட்டும். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பாமல் உள்ளே போகும். இதைச் சோதித்துச் சொல்வது மருத்துவமனைதான், ஒத்துக்கிறேன்.

அப்புறம்? அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஓரடி வளரப் பத்து மாதம்! எல்லாருக்கும் முழுசாக வளரும் என்றும் சொல்ல முடியாது. பத்து மாதம் எந்த ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுப்பான்?

அத்தனை நாளும் சாய்ந்து உட்காரவைத்து, வயிற்றில் கை வைத்து, "இழுங்க மாமா, வயிறு எழும்பட்டும்" என்று எண்ணுவது யார்? மருமகள்! மூணு பந்துக் கருவியைக் கையில் கொடுத்தால் பலர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். அதைச் சொல்லித் திருத்துவது பேரன். (சிரிப்பு) ராத்திரி முகமூடி மிஷின் நழுவினால் எழுந்து மாட்டுவது மனைவி. அதற்காக ஆர்வக் கோளாறில் நூறு தடவை இழுக்க வைக்காதீர்கள். சோர்ந்த தசையை விரட்டினால் இன்னும் சோரும். டாக்டர் சொன்ன அளவுதான்.

அரசாங்கமே வீட்டைத் தேடித்தானே வந்தது? 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, இயன்முறை சிகிச்சையும் வாசற்படி ஏறியது.

ஒன்று மட்டும். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம் என்றால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறதோ என்று சந்தேகப்பட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பேச்சுக் குழறினால், உதடு நீலம் பூத்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டிக் கதவை எதிரணி நண்பர் திறந்து வைக்கட்டும். ஏற்றிவிட நாங்கள் வருகிறோம்.