மின் மோட்டார் வண்டி வாங்குமுன்

மாடு வாங்கச் செல்பவன் மேனிப் பொலிவைக் கண்டு மயங்குவதில்லை; வாயைத் திறந்து பல்லைப் பார்க்கின்றான். மோட்டார் வண்டி வாங்குவோர்க்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும்.

1997ஆம் ஆண்டில் யப்பானில் விற்பனைக்கு வந்த ரொயோட்டா பிறியஸ், ஹைபிரிட் என்னும் கலப்பு வகையினது. பெற்றோல் இயந்திரமும் மின்னோடியும் அதில் இணைந்து உழைக்கின்றன. வேகத்தைத் தணிக்கும்போது வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதி மின்னாகச் சேமிக்கப்படுகின்றது. ஆகவே, நின்று நின்று செல்லும் நகர வீதியிலேதான் அதன் சிக்கனம் சிறக்கும். நெடுஞ்சாலையில் அந்த இலாபம் குறையும்.

2010இல் வெளிவந்த நிசான் லீஃப் முற்றாக மின்னால் ஓடுவது. முதலில் வந்தவற்றின் மின்கலவடுக்கு 24 கிலோவாற்று மணி கொள்ளளவுடையது. அதனைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இன்மையால், வெப்பமிகு இடங்களில் கொள்ளளவு விரைந்து தேய்ந்தது. பழைய வண்டி வாங்குவோர், சாரதிக்கு முன்னுள்ள காட்டியில் 12 கட்டங்களுள் எத்தனை எஞ்சியுள்ளன என எண்ணுதல் வேண்டும். அக்கட்டங்களையும் பொய்யாக நிரப்பிக் காட்டுவோர் உளர். ஆதலால், பரிசோதனைக் கருவியின் சான்றும் தேவை.

நாள்தோறும் செல்லும் தூரம் எவ்வளவு? வீட்டில் மின்னேற்ற வசதியுண்டா? மின்கலவடுக்கை மாற்ற நேரின் செலவு யாது? இவற்றையும் கணக்கிடுக.

2022இல் பெற்றோலுக்காக வரிசையில் வாடிய இலங்கையர்க்கு மின் வண்டி விடுதலையாகத் தோன்றியது இயல்பே. எனினும், அதே ஆண்டில் நீண்ட மின்வெட்டும் இருந்ததை மறத்தலாகாது.

பல்லாண்டுச் சேமிப்பை ஒரே நாளிற் கொடுப்பவர், அதற்குமுன் ஒரு நாள் பொறுத்துச் சோதித்தல் நன்று.